உலக்கையின் நிழல்

ஆசிரியத் தொழிலிலே நெடுங்காலம் கழித்தவர்களுக்கு ஒரு நோய் வந்துவிடுகிறது. விடைத்தாளைக் கண்டதும் கை சிவப்புப் பேனாவைத் தேடும். பிழையைக் கண்டுபிடிப்பதில் உள்ள விரைவு, அப்பிழை எங்கே பிறந்தது என்று ஆராய்வதில் இருப்பதில்லை. இந்நோய்க்கு நாமும் விலக்கல்லேம் என்பதைச் சென்ற சித்திரை வருடப்பிறப்பு எமக்கு உணர்த்திற்று. அக்கதையையே இந்த வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாம் தவணைப் பரீட்சையில் நாம் ஒரு சிறு வினா கேட்டிருந்தோம். "சம இராப்பகல் நாட்கள் எவை? அந்நாட்களில் சூரியன் எங்கே உச்சங் கொடுக்கும்?" என்பது வினா. மார்ச் 20 அல்லது 21, செப்டெம்பர் 22 அல்லது 23, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே என்பது நாம் எதிர்பார்த்த விடை. ஒரு மாணவன் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தான்: "சித்திரை வருடப்பிறப்பன்று இரவும் பகலும் சமம். அன்று நடுப்பகலில் எங்கள் முற்றத்தில் உலக்கைக்கு நிழல் இல்லை. இதை நான் பார்த்திருக்கிறேன்."

நாம் பூச்சியம் இட்டோம். அதோடு நின்றிருக்கலாம். "வீட்டுக் கதைகளைப் பரீட்சைத் தாளில் எழுதாதே" என்று ஓரத்திலே ஒரு குறிப்பும் எழுதினோம்.

தாள்களைக் கொடுத்த இரண்டாம் நாள், அந்த மாணவன் ஆசிரியர் அறையின் வாசலிலே வந்து நின்றான்.

"சேர், நான் புள்ளி கேட்டு வரவில்லை. உலக்கைக்கு நிழல் இல்லாமற் போவது கதை இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"யார் உனக்குக் காட்டினார்?"

"அப்பு. ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் முற்றத்தைக் கூட்டிவிட்டு உலக்கையை நிறுத்துவார். இந்தத் தாளைப் பார்த்தபிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. இந்த முறை உலக்கை வைக்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னார்."

எமக்கு நாக்கு எழவில்லை. ஒரு முதியவர் தம் பேரனுக்குக் காட்டி வந்த ஒரு காட்சியை நாம் ஒரு வரியால் நிறுத்திவிட்டோம். அதிலும் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையேயுள்ள ஒவ்வோர் ஊரிலும் சூரியன் ஆண்டுக்கு இரு முறை உச்சங் கொடுக்கும் என்று பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்த நாம், எமது முற்றத்திலே அது எந்த நாளில் நிகழ்கிறது என்று ஒரு முறையேனும் பார்த்ததில்லை.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தோம். கணக்கு வெகு எளிது. பூமியின் அச்சு நிமிர்ந்து நிற்கவில்லை. அது ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்து, சாய்ந்த திசை மாறாமலே சூரியனைச் சுற்றி வருகிறது. ஆகையால் ஆண்டின் ஒரு பாதியிலே வட பாதிக் கோளம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். மறு பாதியிலே தென் பாதிக் கோளம் அவ்வாறு சாய்ந்திருக்கும். பருவங்கள் இச்சாய்விலிருந்தே பிறக்கின்றன. சூரியனுக்கு அண்மையில் வருவதால் வெயிலும் விலகிப் போவதால் குளிரும் உண்டாகின்றன என்று எண்ணும் மாணவர்கள் இன்றும் பலர். உண்மையிலே பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வருவது ஜனவரி முதல் வாரத்திலாகும். அப்போதுள்ள தூரம் சுமார் 14 கோடி 71 இலட்சம் கிலோமீற்றர். ஜூலை முதல் வாரத்திலோ அது 15 கோடி 21 இலட்சம் கிலோமீற்றராகிவிடும். இங்கிலாந்து மக்கள் குளிரில் நடுங்குவது சூரியன் மிக அண்மையில் நிற்கும் அந்த ஜனவரியிலேதான் என்பதை நினைத்தால், தூரத்துக்கும் பருவத்துக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு சிறிது என்பது விளங்கும்.

மார்ச் 20 அளவில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேரே நின்று, பின் நாள்தோறும் ஒரு பாகையிற் சிறு பங்கு வடக்கே நகர்கிறது. ஏப்ரல் 5 அளவில் எமது தீவின் தென்முனையாகிய தெய்வேந்திர முனையில் உச்சங் கொடுக்கிறது. அங்கிருந்து பருத்தித்துறை வரை இலங்கை முழுவதையும் கடந்து செல்ல அதற்குப் பத்து நாட்களே போதும். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9 பாகை 40 கலையில் உள்ளது. அந்த இடத்துக்குச் சூரியன் வரும் நாளைக் கணித்தபோது, ஏப்ரல் 14 அல்லது 15 என்று விடை வந்தது.

வருடப்பிறப்பு! பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். பையன் பார்த்தது உண்மை.

வருடப்பிறப்பன்று முற்பகல் அம்மாணவன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனோம். முதியவர் திண்ணையிலே இருந்தார். தோட்டம் செய்து உரம் ஏறிய கைகள். எம்மைக் கண்டதும் எழுந்தார்.

"வாருங்கோ வாத்தியார். நல்ல நாளிலே வந்திருக்கிறீர்கள்."

"ஐயா, உலக்கை பார்க்க வந்தோம்" என்றோம். வேறு எவ்விதமாக மன்னிப்புக் கேட்பது என்று எமக்குத் தெரியவில்லை.

அவர் எம்மைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பேரனைப் பார்த்து, "தம்பி, உலக்கையை எடுத்து வா" என்றார்.

கூட்டிச் சாணம் தெளித்த முற்றத்தின் நடுவே உலக்கை நிமிர்ந்து நின்றது. நிழல் முதலில் மேற்கே ஒரு விரல் நீளம் கிடந்தது. பின் அது குறுகிக்கொண்டே வந்தது. எமது கைக்கடிகாரத்தில் 12 மணி 10 நிமிடம் ஆனபோது உலக்கைக்கு நிழல் இல்லை. எமது கடிகாரம் காட்டும் நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குரியது. யாழ்ப்பாணமோ 80 பாகையில் உள்ளது. ஆதலால் எமது உண்மையான நண்பகல் பத்து நிமிடம் பிந்தியே வரும். கடிகாரம் இல்லாத முதியவர் அந்த நிமிடத்தைத் தவறவிடவில்லை. "இதுதான் உச்சம்" என்று அவர் சொன்னபோது நாம் மணி பார்த்தோம்.

ஆயினும் வினாவின் முதற் பாதி எஞ்சியிருந்தது. "ஐயா, நிழல் இல்லை என்பது சரி. இரவும் பகலும் இன்று சமம் என்று சொல்லியிருக்கிறீர்களாம். அது யார் சொன்னது?"

"என்ரை அப்பு சொன்னவர். அவருக்கு அவருடைய அப்பு சொல்லியிருப்பார்."

இங்கேதான் விடயம் சுவையாகிறது. வருடப்பிறப்பன்று யாழ்ப்பாணத்திலே பகலின் நீளம் ஏறக்குறைய 12 மணி 20 நிமிடம். இரவு 11 மணி 40 நிமிடம். இரண்டும் சமமல்ல. முதியவரின் கண் கண்டது சரி. அவர் காது கேட்டது பிழை. ஆனால் அப்பிழையும் ஒரு காலத்திலே உண்மையாக இருந்தது.

இதனை விளக்க ஒரு நட்சத்திரத்தின் உதவி வேண்டும். வாசகர்கள் இக்காலத்தில் இரவு எட்டு மணியளவிலே கிழக்கு வானைப் பார்த்தால், சற்றுத் தெற்கே தள்ளி வெண்ணிறமான ஒளிமிக்க நட்சத்திரம் ஒன்றைக் காணலாம். சப்தரிஷி மண்டலத்தின் வளைந்த வாலை அதே வளைவோடு நீட்டினால் முதலிலே செந்நிறச் சுவாதியும், அதன் பின் இந்த வெள்ளை நட்சத்திரமும் எதிர்ப்படும். இதன் பெயர் சித்திரை. பூரணை இதன் அருகே நிகழும் மாதமே சித்திரை மாதம் எனப் பெயர் பெற்றது.

கி. மு. 3ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் திமோக்காரிஸ் என்பவர் இதே நட்சத்திரத்தை அளந்தார். செப்டெம்பர்ச் சமநாளிலே சூரியன் நிற்கும் புள்ளியிலிருந்து அது 8 பாகை மேற்கே இருந்தது. ஏறக்குறைய 150 ஆண்டுகளின் பின் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்க வானியலறிஞர் மீண்டும் அளந்தபோது 6 பாகையே இருந்தது. முன்னவர் பிழையாக அளந்தார் என்று சொல்லி ஹிப்பார்க்கஸ் அதனை அடித்துவிட்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. இரு அளவுகளும் சரியானால் நகர்ந்தது எது என்று கேட்டார். சமநாட் புள்ளியே நட்சத்திரங்களிடையே மெல்ல மேற்கு நோக்கி நகர்கிறது என்ற பேருண்மை அக்கேள்வியிலிருந்து பிறந்தது. எமது சோதிட நூல்கள் இதனை அயன சலனம் என்கின்றன.

காரணம் பிற்காலத்திலே விளங்கிற்று. பூமி சரியான உருண்டையல்ல. அதன் இடைப்பகுதி சிறிது புடைத்திருக்கிறது. அப்புடைப்பைச் சந்திரனும் சூரியனும் இழுக்கின்றன. அதனால் சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதுபோலப் பூமியின் அச்சும் வட்டமிடுகிறது. 1687ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே நியூற்றன் இதனை விளக்கினார். ஒரு வட்டம் முடிய ஏறக்குறைய 25,800 ஆண்டுகள் செல்லும். ஒரு பாகை நகர 72 ஆண்டுகள் ஆகும். ஒரு மனிதனின் ஆயுள் என்று சொல்லலாம்.

ஆகவே ஆண்டு என்பதற்கு இரண்டு அளவுகள் உண்டாகின்றன. சூரியன் ஒரு சமநாளிலிருந்து மறு சமநாளுக்கு வரும் காலம் 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 செக்கன். அது ஒரு நட்சத்திரத்திலிருந்து மீண்டும் அதே நட்சத்திரத்துக்கு வரும் காலம் 365 நாள் 6 மணி 9 நிமிடத்துக்குச் சிறிது மேல். வேறுபாடு இருபது நிமிடமே. பருவங்கள் முதல் அளவைப் பின்பற்றுகின்றன. எமது பஞ்சாங்கம் இரண்டாம் அளவைப் பின்பற்றி, சூரியன் மேட ராசியிலே புகும் நாளை வருடப்பிறப்பாகக் கொள்கிறது. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இரு பஞ்சாங்கங்களும் வருடம் பிறக்கும் நேரத்திலே வேறுபடுமேயன்றி இதிலே வேறுபடுவதில்லை. ஆண்டுக்கு இருபது நிமிடம் என்பது 72 ஆண்டுகளில் ஒரு நாளாகிறது. இவ்வாறு சேர்ந்து சேர்ந்து, இன்று மார்ச்சுச் சமநாளுக்கும் சித்திரை முதல் நாளுக்கும் இடையே 24 அல்லது 25 நாள் இடைவெளி உண்டாகிவிட்டது.

சித்திரை நட்சத்திரத்தையே அளவுகோலாகக் கொண்டு பின்னோக்கிச் சென்றால், கி. பி. 285 அளவிலே அந்த நட்சத்திரம் சமநாட் புள்ளியிற் சரியாக நின்றது. வேறு கணித முறைகளைக் கொண்டால் இந்த ஆண்டு சிறிது முன்பின்னாகும். எவ்வாறாயினும் அக்காலத்திலே சித்திரை முதல் நாளும் சம இராப்பகல் நாளும் ஒன்றாகவே இருந்தன. முதியவரின் அப்பு, அவருடைய அப்பு, அவருக்கும் அப்பு என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு 1,700 ஆண்டுகள் பின்னே நடந்தால், அவ்வரிசையின் முதல் அப்பு சொன்னது முற்றிலும் உண்மை. வானம் நகர்ந்தது. வாய்மொழி நகரவில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. அந்த முதல் அப்பு சித்திரை முதல் நாளிலே யாழ்ப்பாணத்தில் உலக்கை நிறுத்தியிருந்தால் நிழல் மறைந்திராது. பழைய வானநூலார் 12 அங்குலம் உயரமான கோல் ஒன்றை நாட்டி, அதனைச் சங்கு என்றனர். சமநாள் நண்பகலிலே அச்சங்கின் நிழல் எத்தனை அங்குலம் என்று பார்த்து ஓர் ஊரின் அகலாங்கை அறிந்தனர். சூரிய சித்தாந்தத்திலே இம்முறை காணப்படுகிறது. யாழ்ப்பாணத்துக்கு அந்நிழல் 2 அங்குலம், வடக்கு நோக்கி விழும். ஆகவே சமநாளும் நிழலற்ற நாளும் யாழ்ப்பாணத்திலே எக்காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. நிழலற்ற நாள் வருடப்பிறப்போடு இணைந்திருப்பது எமது காலத்துக்குரிய தற்செயல். சில நூற்றாண்டுகள் சென்றால் அதுவும் பிரிந்துபோகும்.

தைப்பொங்கலின் கதையும் இத்தகையதே. சூரியன் வடக்கே திரும்பும் நாள் தை முதல் நாள் என்று நாம் சொல்லி வருகிறோம். ஆனால் நண்பகல் நிழல் மிக நீண்டு, பின் குறுகத் தொடங்குவது டிசெம்பர் 21 அல்லது 22இலேயே. பொங்கலன்று சூரியன் மகர ராசியிலே புகுகிறது என்பது நட்சத்திர அளவிலே சரி. வடக்கே திரும்புதல் மட்டும் மூன்று வாரத்துக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது.

அப்படியானால் பண்டிகைகளை மாற்றவேண்டுமா என்று கேட்பவர் உளர். இந்திய அரசு 1952ஆம் ஆண்டு விஞ்ஞானி மேகநாத சாகா அவர்களைத் தலைவராகக் கொண்டு நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1955இல் வந்தது. 1957 மார்ச் 22 முதல் சமநாளுக்கு மறுநாளைத் தலைநாளாகக் கொண்ட தேசிய நாட்காட்டி அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அங்குள்ள தமிழ் மக்களும் வருடப்பிறப்பை ஏப்ரல் நடுவிலேயே கொண்டாடுகின்றனர். பண்டிகையை மாற்றவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மேட ராசியை அளவாகக் கொண்டால் எமது வருடப்பிறப்பு சரியான நாளிலேதான் வருகிறது. அந்நாளைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் காரணம் மட்டும் வானத்தோடு பொருந்தவேண்டும் என்பதே எமது கருத்து. காரணம் பொருந்தாவிட்டால், என்றோ ஒரு நாள் பாடப்புத்தகத்தையும் பாட்டனாரையும் எதிரெதிரே நிறுத்தி, இருவரில் ஒருவர் பொய்யர் என்று பிள்ளை முடிவு செய்துவிடும். எமது சிவப்புப் பேனா அதனையே செய்ய இருந்தது.

எமது நாட்டிலே சமநாள் வருவதும் போவதும் தெரிவதில்லை என்பதும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். இலண்டனிலே நீண்ட பகல் 16½ மணிக்கு மேல், குறுகிய பகல் 8 மணிக்குக் குறைவு. அங்கே மார்ச் மாதம் வந்தால் சிறு குழந்தைக்கும் ஒளி பெருகுவது தெரியும். யாழ்ப்பாணத்திலே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறக்குறைய 70 நிமிடமே. எமக்குப் பருவத்தைச் சொல்வது பகலின் நீளமன்று, காற்று. உச்சங் கொடுத்த சூரியன் வடக்கே சென்று ஆசியப் பெருநிலத்தைச் சூடாக்க, சோளகக் காற்று எழுகிறது. அது தெற்கே திரும்பியபின் வாடை வீசி மாரி பொழிகிறது. வெங்காயம் நடும் நாளும் நெல் விதைக்கும் நாளும் அந்தச் சாய்ந்த அச்சின் ஆணைக்கே கட்டுப்பட்டவை.

இவ்வளவும் சொன்ன நாம் எமது சொந்த விடையையும் சோதித்துப் பார்த்தோம். சமநாளிலே பகல் சரியாக 12 மணியா? அல்ல. சூரியனின் மேல் விளிம்பு தெரிந்தவுடனே உதயம் என்கிறோம். வளிமண்டலமும் ஒளியை வளைத்து, அடிவானத்தின் கீழே நிற்கும் சூரியனைச் சற்று முன்னதாகவே காட்டிவிடுகிறது. ஆதலால் அன்று பகல் 12 மணிக்கு மேல் ஆறேழு நிமிடம் நீண்டிருக்கும். யாழ்ப்பாணத்திலே கடிகாரப்படி இரவும் பகலும் ஒத்திருக்கும் நாள் மார்ச் 8 அளவிலேயே வந்துவிடுகிறது. எமது விடைக்கும் முழுப் புள்ளி கிடையாது!

அன்று மத்தியானம் முதியவர் எம்மை உண்ணாமற் போக விடவில்லை. உணவின் பின் சமநாள் நகர்ந்த கதையைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என்ரை அப்பு பொய் சொல்லவில்லை" என்றார்.

"இல்லை ஐயா. அவர் சொன்னது பழைய செய்தி."

பையன் விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினான். பூச்சியத்தை நாம் மாற்றவில்லை. வினாவுக்குரிய விடை அதுவன்று. அவனும் அதை விரும்பவில்லை. ஓரத்திலே எழுதிய குறிப்பை மட்டும் அதே சிவப்புப் பேனாவால் வெட்டி, "கண்டது உண்மை. காரணத்தைத் தேடு" என்று எழுதிக் கொடுத்தோம். முதியவர் அதனைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தேடி அணிந்து, இரண்டு முறை படித்தார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். சூரியன் தெற்கே திரும்பி வரும்போது ஆகஸ்ட் 28 அளவில் யாழ்ப்பாணத்திலும், செப்டெம்பர் 7 அளவில் தெய்வேந்திர முனையிலும் மறுபடியும் உச்சங் கொடுக்கும். உங்கள் ஊர் இடையில் எங்கேயிருந்தாலும் உங்களுக்கும் ஒரு நாள் உண்டு. 100 சென்ரிமீற்றர் உயரமான கோல் ஒன்றைச் சமதரையிலே நாட்டி, கல்லுக் கட்டிய நூலால் அது நேராக நிற்கிறதா என்று பாருங்கள். செப்டெம்பர்ச் சமநாள் நண்பகலிலே யாழ்ப்பாணத்தில் அதன் நிழல் 17 சென்ரிமீற்றர் வடக்கே விழும். டிசெம்பர் 21இல் 65 சென்ரிமீற்றர் ஆகும். சமநாளன்று காலை முதல் மாலை வரை நிழலின் நுனியை மணிக்கொரு தரம் அடையாளமிட்டு வந்தால், அப்புள்ளிகள் வளையாமல் ஒரு நேர்கோடாய்க் கிழக்கு மேற்காக அமைவதையும் காண்பீர்கள்.

வீட்டிலே அப்புவோ அம்மம்மாவோ இருந்தால் அவர்களையும் முற்றத்துக்கு அழையுங்கள். எமது அளவுகள் பிழையென்று கண்டால் எழுதுங்கள். இனிமேல் பேனாவைத் திறக்குமுன் உலக்கையை நிறுத்திப் பார்ப்போம்.